பல் ஆஸ்பத்திரி இங்கிலீஷ்

— போன் பேசறப்ப இருந்தது யார் யாருன்னு முதல்ல சொல்லுங்க அண்ணே.

— நான், உன் அண்ணி, ஸ்டூல் மேல நின்னு ஃபேன் மாட்டிக்கிட்டிருந்த எலக்ட்ரீசியன். போன்ல பேத்தி. வேற யாரும் இல்ல.

— அந்த எலக்ட்ரீசியன்தான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறாரு. நான் வேலை பார்க்கற பல் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துடுச்சு. பெரியவர் போனைப் பிடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாராம்.

— ஃபேன் மாட்ட வந்த ஆளு மேலதானே பார்க்கணும்?

— பேச்சை மாத்தாதீங்க. உங்க மககிட்டயா பேசினீங்க?

— அவகிட்ட இல்ல. சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனப்பவே, இனி அவகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னேன். சொன்னது சொன்னதுதான். பேத்தி என்ன பாவம் பண்ணுச்சு?

— அந்த அத்தனை பேர்ல பாதிப் பேரு போய்ச் சேர்ந்துட்டாங்க அண்ணே.

— வாக்கு போகலையே.

— சரி. பேத்திக்குத் தமிழ் வராதுன்னுதானே என்கிட்ட இங்கிலீஷ்ல நாலு வாக்கியம் கேட்டு மனப்பாடம் பண்ணீங்க. என்ன பேசினீங்க?

— எடுத்ததும் ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ’ன்னேன்.

— ஐயோ, அது நான் கவுன்ட்டர்ல கேக்கறது!

— நீ சொல்லிக் கொடுத்ததுதானே எனக்குத் தெரியும்? ‘ப்ளீஸ் சிட்’டுன்னேன். நாற்காலி இழுக்கற சத்தம் கேட்டுச்சு. குழந்தை நிஜமாவே உக்காந்துடுச்சு. ‘ஓப்பன் யுவர் மவுத்’துன்னேன். ‘ஆ’ன்னுச்சு.

— அண்ணி?

— முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சா. இந்த வீட்டுல அவ சிரிச்சு எவ்வளவு காலம் ஆச்சு.

— அப்புறம்?

— கைச்சரக்கு தீரப் போகுது. குழந்தை போனை வச்சுடுமோன்னு பயம். மிச்சம் ஒண்ணுதான் இருந்துச்சு. ‘வேர் இஸ் த பெயின்’னேன்.

— எங்க வலிக்குதுன்னா? அதுக்குக் குழந்தை என்ன சொல்லுச்சு?

— குழந்தை சொல்லல. அதுக்குப் பின்னாலேர்ந்து ‘எங்கன்னுப்பா சொல்றது’ன்னு ஒரு குரல் வந்துச்சு.

— அவளா? அங்கேயே இருந்தாளா? வேற யாரும் இல்லன்னீங்களே!

— அவளை விட்டுட்டே எண்ணிப் பழகிப் போச்சு.

— நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?

— வர்றவங்களுக்குக் கதவைத் திறந்து விட்டுட்டு நீ சொல்லுவியே, ‘ப்ளீஸ் கம் இன்’னு. அதைச் சொன்னேன்.

— உள்ள வாங்கன்னு! அவகிட்ட!

— பேத்திகிட்டதான் சொன்னேன். பக்கத்துல நிக்கறவ காதுல விழுந்தா நான் என்ன பண்றது?

— அப்ப, நீங்க அழுதீங்கன்னு அந்த ஆளு சொல்றது நிஜம்தான்.

— பொய். போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தோம், சத்தம் அதுலேர்ந்து வந்துச்சு. நான் அழல. அழுதது என் மக.