துண்டுக்குள் நாலு விரல்

— கையை இப்பிடிக் குடுங்க. இட்லியை இடது கையில பிச்சுத் தின்னதை நான் பாக்கலைன்னு நெனப்போ?

— விடு அன்னக்கொடி, திருமங்கலம் பஸ்ஸு போயிரும். கருப்பு கோயில்ல அம்புட்டுப் பேரும் காத்துக் கெடப்பாக. ஒன் தம்பி தவசி இன்னைக்குச் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியே ஆகணும்.

— நீங்க காட்டுனது மூணு விரல்னு அவன் சொன்னதுக்கா?

— நாலு! விருமாண்டி மாட்டுக்கு நான் தரகு, வாங்க வந்தவனுக்கு ஒன் தம்பி தரகு. விரலுக்குப் பத்தாயிரம்னு பேச்சு. துண்டைப் போட்டு மூடி நாலு விரலை நீட்டுறேன், தொட்டுப் பாத்துட்டு வெளிய வந்து மூணுங்குறான். மூணுக்கே மாடு கைமாறிப் போச்சு. கொறைஞ்ச காசை விருமாண்டி என்னையத்தான் கேக்குறான். சந்தையில இந்தக் காசிமாயன் கையை எவனாச்சும் கொறை சொல்லியிருப்பானா?

— விரலை மடக்கி நிமித்துங்க, பாப்போம்.

— நேரங்கெட்ட நேரத்துல...

— நிமித்துங்கங்கிறேன்ல.

— ஸ்ஸ்... பொறுடி. காலையில அப்பிடித்தான் இருக்கும். பெறகு சரியாயிரும்.

— எங்க சரியாகுது? மோதிர விரல் கொக்கியாட்டம் நிக்குது. இழுத்து விட்டாத்தான் டக்குனு நிமிருது. வாதமோன்னு பயந்து பெரியாஸ்பத்திரியில கேட்டுட்டு வந்தேன்.

— யாரைக் கேட்டுப் போன? வெளிய தெரிஞ்சா எம்பொழப்பு போச்சு!

— வாதமா இருக்காதுன்னாக. விரலை இழுக்குற நரம்பு ஒரு உறைக்குள்ள ஓடுதாம். கயித்தைப் பிடிச்சுப் பிடிச்சு அது தடிச்சுப் போனா, நரம்பு சிக்கிக்கிருமாம். ஆளைப் பாத்துத்தான் உறுதியாச் சொல்லுவாக. இறுக்கிப் பிடிக்கிற வேலையைக் கொஞ்ச நாளைக்கு விடணும், பட்டை வச்சுக் கட்டணும். கேக்கலைன்னா ஊசி. அதுக்கும் மசியலைன்னா சின்னதாக் கீறி விட்டுருவாகளாம்.

— விரல்ல கட்டுப் போட்டவன்கிட்ட எவன் வெல பேசுவான்? நீ வழியை விடு.

— போகலாம். இந்தத் துண்டுக்குள்ள எனக்கு ஒரு தடவை கை குடுத்துட்டுப் போங்க.

— பொம்பளை கிட்டயா? எந்தச் சந்தையிலடி இப்பிடி நடக்குது?

— இது சந்தையில்ல, அடுப்படி. நாலு காட்டுங்க.

— இந்தா, தொட்டுக்க.

— மூணுதான் தட்டுப்படுது.

— நல்லாப் பாரு!

— மூணுதாங்க. கையை எடுக்கப் போறேன்... இந்தா, இப்பத்தான் நாலாவது டக்குனு வருது.

— அன்னைக்கும் மடங்குச்சு. நிமித்திட்டேன்னு நெனச்சேன். அதுக்குள்ள அவன் கையை எடுத்துட்டானா? அட பாவி மனுசா... சரி, மூணுன்னே சூடத்தை அணைக்கட்டும். பொய்யில்லையே, சாமி அவனை ஒண்ணுஞ் செய்யாது.

— அவன் சத்தியம் பண்ண மாட்டான்.

— ஏன்?

— நேத்து ஒங்க விரல் சங்கதியை நான் சொல்லவும், இங்க ஒக்காந்து அழுதான். "மூணுன்னு நான் சத்தியம் பண்ணா, எல்லாரும் மச்சான் விரலைத்தான் பாப்பாக. அப்பறம் அவருக்குச் சந்தை ஏது? நான்தான் ஏமாத்துனேன்னு ஒத்துக்கிறேன்க்கா"ன்னான். விடியவுமே கோயிலுக்குக் கெளம்பிப் போயிட்டான்.

— என் செருப்பு எங்கடி? அந்தத் துண்டு வீட்லயே கெடக்கட்டும். துண்டில்லாம நீட்டுறேன் கையை, ஊரே எண்ணிப் பாக்கட்டும்.