தம்பதித் தள்ளுபடி

என் பெயர் இந்தத் தாளின் மேலே எழுதியிருக்கிறபடிதான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, மாடியம்மா என்றால்தான் தெரியும். வயது அறுபத்தொன்பது. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள வீட்டின் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். கீழே குடியிருப்பவர் அந்த வீட்டின் சொந்தக்காரர், வயது எழுபத்து மூன்று, மனைவியை இழந்தவர், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் உள்ள கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் மாட்டிய மனுஷர் தன் வீட்டுக்கு ஒழுங்காக ஒரு மாடிப்படி கட்டவில்லை என்று அவரிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். இதெல்லாம் எழுத வேண்டியதில்லை என்று என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் அதிகாரி சொன்னார். எழுதினால் பரவாயில்லை என்று நான் சொன்னேன்.

எனக்கு மூச்சிரைப்பு உண்டு, அதற்கு உறிஞ்சும் மருந்து எடுக்கிறேன், அதை நாங்கள் பம்பு என்போம். என்னிடம் அரசின் முதியோர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. போன வருடம் வரை பம்பு விலையில் பெரும் பகுதியைக் காப்பீடே கொடுத்தது. இந்த வருடம் அதை விலை கூடின வரிசைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். மருந்து அதே மருந்து, டப்பாவின் நிறம்கூட மாறவில்லை, என் பங்கு மட்டும் எகிறிவிட்டது. அதனால் இரண்டு இழுப்பு இழுக்க வேண்டிய இடத்தில் ஒன்று இழுத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். படியேறும்போது நடுவில் நின்று கைப்பிடியைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்வேன். அதைக் கீழேயிருந்து அவர் கேட்டிருக்கிறார். அவருக்கு மெக்கானிக் காது, எங்கே சத்தம் மாறினாலும் தெரிந்துவிடும். ஒருநாள் படிக்குக் கீழே வந்து நின்று, "மாடியம்மா, மோட்டார் சத்தம் சரியில்லையே, பம்பு தீர்ந்துபோச்சா?" என்றார். தீரவில்லை, தீராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். உடனே அவர் உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்து வந்தார். கடைவீதியில் ஒரு மருந்துக் கடையில் அட்டை வைத்திருக்கும் வயதானவர்களுக்குக் காப்பீடு போக மீதியிலும் குறைத்துத் தருகிறார்களாம், தனக்கும் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார்.

கடையில் கூட்டம். அவருக்கு முழங்கால் வலி, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் வரிசையில் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூட வந்திருக்கிறது யாரும்மா?" என்று கேட்டாள். நான், "எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

நான் சொன்னது குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் என்ற பொருளில். வாடகை வீட்டில் இருப்பவர்கள் யாரும் அப்படித்தான் சொல்வார்கள், அதற்கு வேறு என்ன சொல்வது? அந்தப் பெண்ணுக்கும் அவள் வீட்டில் ஒரு வீட்டுக்காரர் இருப்பார், அவள் அவரை நினைத்துக்கொண்டாள். "ஒரே வீடுதானே?" என்று கேட்டாள். ஒரே வீடுதான், அவர் கீழே நான் மேலே என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "எல்லா வீட்டுலயும் அப்படித்தாம்மா" என்றாள். என்ன சிரிப்பு என்று எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு அவர் வயதைக் கேட்டாள். அவர் நாற்காலியிலிருந்தபடியே தன் வயதைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "என்னங்க, அட்டையைக் குடுங்க" என்று நான் கூப்பிட்டேன். அவரை நான் எப்போதும் என்னங்க என்றுதான் கூப்பிடுவேன், பெரியவரை வேறெப்படிக் கூப்பிடுவது? அவர் அட்டையை நீட்டினார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது வயது மட்டும்தான். தானே கணவன் என்று சொல்லிக் கடையை ஏமாற்றியதாக அவர் காலையில் இதே அறையில் எழுதிக் கொடுத்திருப்பதாக அதிகாரி சொன்னார். அது பொய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பொய்.

அதன் பிறகு அந்தப் பெண் சொட்டு மருந்தை எடுத்து வைத்தாள். அவருக்கு இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகம், மருந்து விட்டுப்போனால் பார்வை போய்விடும், போன பார்வை திரும்பாது. அது எனக்கு அன்றுதான் தெரியும். மாதக் கடைசியில் பாட்டில் காலியாகிவிடும், அடுத்ததைக் கேட்டால் இன்னும் தேதி வரவில்லை என்று காப்பீட்டுக் கம்ப்யூட்டர் மறுத்துவிடும், தேதி வரும்வரை சும்மா இருந்துவிடுவாராம். அவள் என்னிடம், "மாமா தானே போட்டுக்கிறாராம்மா? பாதி கன்னத்துலதான் போகும். நீங்க பக்கத்துல இருக்கும்போது எதுக்கு அவருக்கு இந்தக் கஷ்டம்? காலையிலயும் சாயங்காலமும் நீங்க போட்டுவிடுங்க" என்றாள். கூட்டத்தில் நின்றுகொண்டு நான் ஏன் போட வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். பில் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாக வந்தது. அரசாங்கத்துக்குத் திடீரென்று நம்மேல் பாசம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டு வீடு வந்தோம்.

மறுநாள் காலையில் கீழே போய், அந்தப் பெண்ணிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன், உட்காருங்கள் என்றேன். ஜன்னலோர நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். பாட்டிலைக் கொண்டுபோனதும் இமையை இறுக்கிக்கொண்டார். "கண்ணை மூடாதீங்க" என்றேன். "நான் எங்கம்மா மூடறேன், அதுவா மூடிக்குது. அத்தனை மாடி உயரத்துல கயித்துல தொங்கியிருக்கேன், இந்த ஒரு சொட்டுக்கு நடுங்கறேன் பாரு" என்றார். அதுவரை வாங்க போங்க என்று பேசியவர் பாரு என்றது அன்றுதான். நான் அதைக் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். இமையை விரலால் பிடித்துக்கொண்டு போட்டேன். அதன் பிறகு தினமும் காலையும் மாலையும் போட்டேன். நான் இறங்கி வரும் சத்தம் கேட்டாலே தலையைச் சாய்த்துத் தயாராக உட்கார்ந்திருப்பார். அந்த மாதம் பாட்டில் தேதி வரைக்கும் வந்தது. நானும் பம்பை இரண்டு இழுப்பு முழுதாக இழுத்தேன், படியில் நிற்காமல் ஏறினேன்.

இரண்டாம் மாதம் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லைப் பார்த்தேன். தம்பதித் தள்ளுபடி என்று அச்சாகியிருந்தது. அவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஐயோ, மருந்தெல்லாம் வெளியே வருதே" என்று வேறு சொன்னார். சொல்லித் திருத்திவிடலாம் என்றேன். அவரும் சரி என்றார். இருவரும் திரும்பக் கடைக்குள் போனோம். கூட்டம் இருந்தது, அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, "என்னம்மா, மாமாவுக்கு ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒரு பொட்டலம் பஞ்சு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். விலை ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. முழு விலை என்றால் நான் மறுபடி ஒற்றை இழுப்புக்குத்தான் போக வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பெண் சொன்னதால்தான் மருந்து போட்டுவிடுகிறேன் என்று ஒரு சாக்கு எனக்கு இருந்தது. கணவன் மனைவி இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தச் சாக்கு போய்விடும். பிறகு என்ன முகத்தை வைத்துக்கொண்டு காலங்காத்தாலே கீழே இறங்கி ஒரு ஆண்பிள்ளையின் கண்ணைப் பிடித்துத் திறப்பது? வேலை பார்த்த காலம் முழுவதும் ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் நான். பேசி முடித்தார்களா என்று கேட்டுவிட்டு வயரைப் பிடுங்க வேண்டியதுதான் என் வேலை. இதை மட்டும் பிடுங்க மனம் வரவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது இந்த மாதம் அந்தப் பெண், கல்யாண நாள் வரும் மாதத்தில் தம்பதிகளுக்குக் கடை இன்னொரு தள்ளுபடியும் தருகிறது என்று சொல்லி, "உங்க கல்யாண நாள் எப்போம்மா?" என்று கேட்டாள். அவரும் அன்று என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். நான் வைகாசி என்றேன், அவர் தை என்றார். அவள் வேடிக்கைக்கு, "வருஷமாவது ஒண்ணா சொல்லுங்க பாப்போம்" என்றாள். அதையும் ஆளுக்கு ஒன்றாகச் சொன்னோம்.

நான் சொன்னது என் கணவருக்கும் எனக்கும் நடந்த கல்யாணம். அவர் சொன்னது அவருக்கும் அவர் மனைவிக்கும் நடந்தது. பொய் சொல்வதென்றால் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும், ஒருவர் சொன்னதற்கு மற்றவர் ஆமாம் போட்டிருந்தாலே போதும். இருவருக்கும் அது தோன்றவே இல்லை. அவர் தன் மனைவியின் நாளைச் சொன்ன குரலை நான் கேட்டேன். அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு அவர்மேல் மரியாதை கூடித்தான் போனது.

பின்னால் நின்ற மேனேஜர் எங்களை உள்ளே கூப்பிட்டார். விசாரித்தார், இருவரும் உண்மையைச் சொன்னோம். அதன் பிறகுதான் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் வேலையை அவர் பார்த்தார். கவுன்ட்டர் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் கடைசிவரை, "மாமாவும் அம்மாவும் அப்படி இல்லைங்க சார்" என்று மேனேஜரிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

மோசடி என்று முடிவானால் இருவர் காப்பீட்டு அட்டையையும் நிறுத்திவிடுவார்கள் என்று அதிகாரி விளக்கினார். தள்ளுபடியில் குறைந்தது முழுவதையும் என் ஓய்வூதியத்திலிருந்து திருப்பிக் கட்டிவிடுகிறேன். அப்படியும் நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் என் அட்டையை நிறுத்துங்கள். வார்த்தையை விட்டவள் நான். அவர் அட்டையை நிறுத்தினால் சொட்டு மருந்து கைக்கு எட்டாது, அது எட்டாவிட்டால் கண் போய்விடும். எனக்கு மூச்சு வாங்கினால் படியில் கொஞ்ச நேரம் நின்றுகொள்வேன். அவருக்கு அப்படி நின்றுகொள்ள ஒரு படி இல்லை.

இந்த இடத்தில் அவருக்கு மருந்து போடும் நேரமாகிவிட்டதால் எழுதுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், அதிகாரி அனுமதித்தார். அவர் வெளியே பெஞ்சில் தலையைப் பின்னால் சாய்த்து, தானே போட்டுக்கொள்ளப் பார்த்துக் கன்னமெல்லாம் நனைத்துக்கொண்டிருந்தார். பாட்டிலைப் பிடுங்கி நான் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "என்னங்க, நீங்க யாருன்னு கேக்கறாங்க, எழுதணுமாம். என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "அடுத்த மாசத்துலேர்ந்து நான் உன்கிட்ட வாடகை வாங்கறதா இல்லைன்னு அந்த சார்கிட்ட சொல்லிடு. அப்புறம் என்ன எழுதணுமோ அவரே எழுதிக்கட்டும்" என்றார். கன்னத்தில் வழிந்ததை என் முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

அதன் பிறகு அதிகாரி இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினார். எதிரிக்கும், அதாவது குற்றம் சாட்டப்பட்ட அவருக்கும், எனக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் வீட்டு உரிமையாளர் என்று எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். கவுன்ட்டரில் சொன்ன அன்றைக்கு அந்தப் பொருள் சரி, அதை அந்த இடத்தில் அப்படியே விட்டுவிடுங்கள், இது இன்றைக்கு எழுதுகிற தாள் என்றேன். மாற்றினால் வழக்கு எனக்கு எதிராகத் திரும்பலாம் என்று அதிகாரி எச்சரித்தார். தெரிந்துதான் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அடித்து, பக்கத்தில் நான் சொன்னதை எழுதினார். அடித்த இடத்தில் நானே சுருக்கொப்பம் வைத்தேன்.

எதிரியின் உறவு: என் வீட்டுக்காரர்.

படித்துக் காட்டக் கேட்டேன். இதில் உள்ளதெல்லாம் என் வாயால் சொன்னது, எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

(ஒப்பம்)
மாடியம்மா