பிரேக் இல்லாத கிரைண்டரை எடுத்துக் கொடுத்தது பற்றி

பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளபடி. வயது நாற்பத்தாறு. இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் பதினோரு வருடங்களாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். அடிபட்டவர் அங்கே கதவுகளை அறுத்துப் பொருத்தும் பிட்டர், என் தங்கை கணவர். அவருக்கும் எனக்கும் ஆகாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறையில் இரும்பை அறுக்கும் கை கிரைண்டரை மாடல் நம்பர் சொல்லித்தான் கேட்பார்கள். நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்தை ஒருவரும் மதிப்பதில்லை. நாங்கள் வாங்கும் கம்பெனியில் கடைசியில் 'பி' இருந்தால் பிரேக் உண்டு, சுவிட்சை விட்டதும் சக்கரம் நின்றுவிடும். 'பி' இல்லையென்றால் பத்து விநாடியாவது சுற்றும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இதைச் சொல்லப் போய்த்தான் பிட்டர் எனக்கு 'ஏபிசிடி' என்று பெயர் வைத்தார். லோடு ஏற்ற வருகிறவர்கள் வரை அப்படிக் கூப்பிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சம்பவத்தன்று காலை பத்து மணி வாக்கில் பிட்டர் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து, தம் மிஷின் ரிப்பேர் என்று கொடுத்துவிட்டு வேறு கேட்டார். அவர் கொடுத்தது 'பி' போட்டது. நான், "பி போட்டதா, போடாததா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "மச்சான், உங்க பாடத்தை வீட்டுல வெச்சுக்குங்க. நம்பர் ஒண்ணுதானே, எடுத்துக் குடுங்க" என்றார். பின்னால் நின்ற வெல்டர் சிரித்தார். அதன் பிறகு நான் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதில் 'பி' இல்லை.

பிட்டர் உட்கார்ந்து வேலை செய்பவர். சுவிட்சை விட்ட கையோடு மிஷினை மடியில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அன்றும் வைத்தார். சத்தம் கேட்டு நான் போனபோது வெல்டர் தம் சட்டையைக் கழற்றி அவர் தொடையில் கட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். அங்கே தங்கை என்னிடம், "அண்ணா, பழைய மிஷினும் நீ குடுத்ததும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள். "ஒண்ணுதாம்மா" என்றேன். அதன் பிறகு முதலாளி, பிட்டரின் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிய தாளில் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் நேற்று, கட்டிலில் கிடக்கிறவரைத் தங்கையே, "கவனம் இல்லாம காலைத் தொலைச்சிட்டு வந்து படுத்திருக்க" என்று என் முன்னால் திட்டினாள். அதனால் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மறதியாகக் கொடுத்தீர்களா என்று கேட்கிறீர்கள். மறக்கவில்லை. என் கை முதலில் 'பி' போட்டதன் மேல்தான் போனது. வெல்டர் சிரித்ததும் பக்கத்தில் இருந்ததை எடுத்தேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. எதையும் அடிக்கச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
ஸ்டோர் கீப்பர்