பச்சை வயர்

ஃபியூஸ் போகாது பாய். அதக் கேக்கத்தானே மாடியிலேர்ந்து இறங்கி வந்தீங்க, முதல்ல அதச் சொல்லிடறேன். போகாது. உக்காருங்க. ஞாயித்துக்கிழமைதானே, கப்பல் யார்டு லீவு, நானும் சும்மாதான் இருக்கேன்.

பெட்டிய இப்படிக் குடுங்க. புதுசா? நல்லா கனமாத்தான் இருக்கு. கரண்டு இஸ்திரிப் பெட்டி வேணும்னு உங்க மக ஜரீனா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்ததாச் சொன்னீங்கல்ல. பின்னால தகட்டுல போட்டிருக்கான் பாருங்க, எரநூத்து முப்பது வோல்ட்டு, எழுநூத்தி அம்பது வாட்டு. வாட்ட வோல்ட்டால வகுத்தா ஆம்பு வரும். மூணேகால். இந்த வீட்டு லைட்டு லைன்ல அஞ்சு ஆம்பு ஃபியூஸ் போட்டிருக்கு. கூட நாலு பல்பு எரிஞ்சாலும் தாங்கும்.

வோல்ட்ட ஆம்பால வகுத்தா உள்ள இருக்கிற சுருளோட ரெசிஸ்டன்ஸ். எழுபது ஓம் வரும். கரண்டு போகவிடாம அந்தச் சுருள் எவ்வளவு முரண்டு பண்ணுதுங்கற கணக்கு, அவ்வளவுதான். நான் நாலாவதுக்கு மேல படிக்கல பாய். செம்பவாங் யார்டுல கேபிள் இழுக்கப் போனவன். வெள்ளக்கார ஃபோர்மன் ஒருத்தன் வேண்டாம்னு போட்ட புஸ்தகத்த எடுத்து, டிக்ஷனரிய வச்சுக்கிட்டு மூணு வருஷம் படிச்சேன். அப்புறம் எதப் பாத்தாலும் வகுத்துப் பாக்கற புத்தி வந்துருச்சு. ஃபேனு, கெட்டிலு, கோயில் திருவிழாவுக்குக் கட்டற பல்புச் சரம். சாமியப் பாருங்க, மேல என்ன பார்வைன்னு என் வீட்டுக்காரி இடிப்பா.

ஆமா. பாக்கியலட்சுமி. அவ போயி மூணு வருஷம் ஆவுது.

சரி, இந்த பிளக்குக்கு வருவோம். பல்பு ஹோல்டர்ல மாட்டறது. வீராசாமி ரோட்டுல எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் இப்படித்தான் கூரையிலேர்ந்து தொங்கும். ரூமுக்கு ஒரு பல்புன்னு லைன் குடுத்தா சனங்க வேற என்ன பண்ணும். ஆனா பெட்டியோட வயருக்குள்ள மூணு இருக்கு பாருங்க. சிவப்பு, கருப்பு, பச்சை. இந்த பிளக்குல ரெண்டுக்குத்தான் எடம். பச்சைய வெட்டி விட்டுருவாங்க. வெட்டுனாலும் பெட்டி நல்லாத்தான் சூடாவும். அதனால யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல.

இத நான் மாட்ட மாட்டேன் பாய்.

கோவிச்சுக்காதீங்க. அடுத்த ஞாயிறு மெயின் பெட்டியிலேர்ந்து தனியா லைன் இழுத்து மூணு முனை பாயிண்ட்டு போட்டுத் தர்றேன். வீட்டுக்காரன்கிட்ட நானே பேசறேன். அதுவரைக்கும் ஜரீனா கரிப்பெட்டியிலயே தேய்க்கட்டும். ஒரு வாரம்தானே லா.

முக்கு ரேடியோ கடைக்காரன் அஞ்சு நிமிஷத்துல மாட்டிக் குடுத்துருவான், எனக்குத் தெரியாதா. இப்ப அவன்கிட்டயா போறீங்க? இருங்க. எந்திரிக்காதீங்க. சொல்றேன், உக்காருங்க.

பச்சை வயர்தான் எர்த்து. உள்ள ஏதாவது கம்பி கழண்டு மேல் தகட்டுல பட்டுச்சுன்னு வைங்க. எர்த்து இருந்தா கரண்டு மொத்தமும் அது வழியாப் பாஞ்சு ஃபியூஸ் எரிஞ்சு லைன் நின்னுரும். எர்த்து இல்லன்னா ஒண்ணும் ஆவாது. பெட்டி பாட்டுக்கு இருக்கும், யாராவது தொடற வரைக்கும்.

நம்ம உடம்புக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு. காஞ்ச கைன்னா நெறைய இருக்கும். கை ஈரம், காலுல செருப்பு இல்ல, அப்பத்தான் கழுவி விட்ட சிமெண்டுத் தரைன்னா ஆயிரம் ஓம்னு வச்சுக்கலாம். எரநூத்து முப்பத ஆயிரத்தால வகுங்க. கால் ஆம்பு கூட வரல. அறுபது வாட்டு பல்புக்கே அதவிடக் கூட வேணும். அஞ்சு ஆம்பு ஃபியூஸுக்கு இது எங்க தெரியப் போவுது.

அவ தண்ணி தெளிச்சுத் தெளிச்சுத் தேய்ப்பா. என் யார்டு சட்டையத்தான்.

இல்ல, இங்க இல்ல. நோரிஸ் ரோட்டு வீட்டுல. நான் வேலை முடிஞ்சு வர்றப்ப கீழ் வீட்டுப் பூவம்மா அக்கா மெயின் சுவிச்ச அடைச்சு வச்சிருந்தாங்க. அவளத் தூக்கிக்கிட்டுப் போனதுக்கப்புறம் நான் போய் மெயினப் போட்டேன். எல்லா லைட்டும் எரிஞ்சுது. ஃபியூஸ் போகல.

தண்ணியெல்லாம் வேணாம் பாய். நான் நல்லாத்தான் இருக்கேன்.

யார்டுல பச்சை வயர் இல்லாத டிரில்லு ஸ்டோர விட்டு வெளிய வராது. பாத்துச் சீட்டு கட்டறது என் வேலை. எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கேன். வெள்ளக்காரன் கொண்டு வந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன்.

விசாரணையில கேட்டாங்க, பிளக்கு யாரு மாட்டுனதுன்னு. பழைய சாமான் கடையில வாங்குனப்பவே அப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. நான் எந்த வேலை பாக்கறவன்னு அவங்களுக்குத் தெரியும், அதனால மேல ஒண்ணும் கேக்கல. பூவம்மா அக்காவுக்கும் அதையேதான் சொல்லியிருக்கேன். அவ அண்ணன் ஊருலேர்ந்து கடிதாசு போட்டுக் கேட்டாரு, அவருக்கும் அதத்தான் எழுதுனேன்.

நான்தான் பாய் மாட்டுனேன். இதே மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமை. மூணேகால் ஆம்பு, ஃபியூஸ் தாங்கும்னு கணக்குப் போட்டுட்டுத்தான் பண்ணுனேன். பச்சைய எதுக்கு வெட்டறீங்கன்னு அவ கேட்டா. அது சும்மா, உனக்கு வேணாம்னேன். சரின்னா. அப்புறம் நான் ஸ்டூல் மேல ஏறி மாட்டி முடிக்கிற வரைக்கும், ஸ்டூலு ஆடாம ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நின்னா.