ஆள் உயர ஃபேன்

— போட மாட்டேன் சார்.

— ஏம்மா, ஒரு கையெழுத்துதானே கேக்குறேன். சொத்தையா எழுதிக் கேக்குறேன்?

— அதுல என்ன எழுதியிருக்குன்னு வாய்விட்டு ஒருதரம் படிங்க சார்.

— "காற்றால் குளிரும் இன்ஜின், முந்நூறு மணி நேரச் சோதனையின் இருநூற்றுப் பன்னிரண்டாவது மணியில் சூடு தாங்காமல் இறுகி நின்றது. இனி வரும் மோட்டார் சைக்கிள்களுக்கு இது உதவாது." நல்லாத்தானே இருக்கு? நானே எழுதினேன்.

— அதான் தெரியுதே. உள்ள பிஸ்டன் இறுகிப்போச்சுன்னு யாரு பார்த்தது? கழட்டிப் பார்த்தீங்களா?

— தொட்டா கை வெந்துடும்மா. பதினொன்னு அம்பதுக்கு நின்னது, இப்ப மணி பன்னிரண்டேகால். ஒரு மணிக்கு மேலிடத்துல முடிவெடுக்கிறாங்க, அடுத்த மாடலுக்குக் காத்தா தண்ணியான்னு. அதுக்குள்ள இந்தப் பேப்பர் மேல போகணும். சோதனை உன் பேர்ல ஓடுது. நீ போடலைன்னா செல்லாது.

— செல்லாதுல்ல? அப்ப நான் போடுறவரைக்கும் அந்த இன்ஜின் சாகலை.

— எதிர்காலத்தைப் பாக்கணும்மா. எங்க பாத்தாலும் ட்ராஃபிக். சிக்னல்ல நின்னா காத்து எங்கேருந்து வரும்? புகைக்கு வேற வருஷா வருஷம் புதுச் சட்டம். என் வண்டியைப் பாரு, தண்ணியால குளிர்ற இன்ஜின். எவ்வளவு ஓட்டினாலும் ஐஸ் கட்டி மாதிரி இருக்கும்.

— அந்த ஐஸ் கட்டியைத்தான் இன்னைக்குக் காலையில கேட்லேருந்து தள்ளிக்கிட்டு வந்தீங்க. வாட்ச்மேன்கூடப் பின்னாடி கை கொடுத்தாரு.

— அது பெட்ரோல் தீர்ந்து நின்னதும்மா. பெட்ரோல் இல்லாம நின்னதுக்கு இன்ஜின் மேல பழி போடலாமா? அடுக்குமா?

— தண்ணி இன்ஜினே வேணாம்னு நான் எங்க சார் சொன்னேன்? பெரிய வண்டிக்கு அது வேணும். ஆனா முட்டைக் கூடையைப் பின்னாடி கட்டிக்கிட்டுப் போறவன் தலையில ரேடியேட்டர், பம்பு, ஹோஸ்னு எல்லாத்தையும் கட்டிவிட்டா, அவன் முட்டை விப்பானா, பம்பு மாத்திக்கிட்டு இருப்பானா? அவனுக்காகத்தான் இந்தச் சின்ன இன்ஜின். முந்நூறு மணி ஓடினா வச்சுப்பாங்க. இல்லன்னா மூட்டை கட்டிடுவாங்க. அது செத்துடுச்சுன்னு நான் எழுதணும்னா, முதல்ல அது நிஜமாச் சாகட்டும்.

— உன் ப்ரொபேஷன் இந்த வாரத்தோட முடியுது, ஞாபகம் இருக்கா? உங்க வீட்டுல நீதான் முதல் பட்டதாரின்னு இன்டர்வியூல சொன்னே. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு வேலை முக்கியம் இல்லையா?

— உங்க கண்ணைத் தொடைச்சுக்குங்க சார். எங்கப்பா கைநாட்டு. எவன் எந்தத் தாளை நீட்டினாலும் என்ன ஏதுன்னு தெரியாம கட்டை விரலை உருட்டி வச்சவரு. அவரு என்னைப் படிக்க வச்சதே, படிச்சுப் பாத்துட்டு வைக்கிறதுக்குத்தான். படிச்சுப் பாத்துட்டேன். போட மாட்டேன்.

— சரி தாயே, உனக்கு என்னதான் வேணும்?

— இந்த கிராஃபைப் பாருங்க. இத்தனை மணி நேரமும் சூடு ஒரே கோடா, பூனை படுத்த மாதிரி கிடக்குது. இன்னைக்குப் பதினொன்னு பத்துக்கு மட்டும் அந்தப் பூனை எழுந்து ஏணி ஏறுது. ஏன்?

— இன்ஜினுக்கு வயசாயிடுச்சு.

— கரெக்டா பதினொன்னு பத்துக்கா?

— ஏம்மா, நீ எங்க போயிருந்தே அப்ப?

— ஜெராக்ஸ் எடுக்க. நீங்கதான் அனுப்புனீங்க. "காற்றுக்கு இனி வேலை இல்லை"ன்னு தலைப்புப் போட்டு நாப்பது பக்கம், பன்னிரண்டு பிரதி. இன்ஜினியரிங் படிச்சவ அடுக்கிக் குத்தினாத்தான் பின்னு நிக்குமாம். அப்ப சோதனை அறையில இருந்தது ஃபிட்டர் அண்ணன் மட்டும்தான். அவரையே கேட்டுடுவோம். ஃபிட்டர் அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க.

— வந்துட்டேன் இன்ஜினியரம்மா. வணக்கம் சார். கேட்டா சொல்லுவேன், கேக்காததைச் சொல்ல மாட்டேன். நமக்கெதுக்கு வம்பு.

— பதினொன்னு பத்துக்கு என்னண்ணே ஆச்சு?

— ஃபேன் போச்சு.

— ரிப்பேரா?

— ரிப்பேர் இல்லம்மா. அறையை விட்டே போச்சு. நாந்தான் தள்ளிக்கிட்டுப் போனேன்.

— எங்க?

— மேல, மீட்டிங் ஹாலுக்கு. ஏசி மக்கர் பண்ணுது, மேலிடத்து ஆளுங்க வேர்த்து வடியுறாங்க, உடனே ஒரு ஃபேன் கொண்டு வான்னு சார் போன் பண்ணாரு. மொத்தக் கட்டடத்துக்கும் இருக்கிறது ஒரே ஃபேன். நம்ம இன்ஜினுக்கு வீசுற ஆள் உயர ஃபேன். லிஃப்ட்ல ஏத்தினேன், நான் படியில ஏறினேன். ரெண்டு பேருக்கும் அதுல இடம் பத்தலை.

— யோவ், நான் டேபிள் ஃபேன் கேட்டேன்யா.

— ஃபேன்னு மட்டும்தான் சொன்னீங்க சார். எந்த ஃபேன்னு நானும் கேக்கலை.

— ஒரு நிமிஷம் அண்ணே. காத்தால குளிர்ற இன்ஜினை ஓட விட்டுட்டு, அதுக்குக் காத்து வீசுற ஃபேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்களா?

— அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்னுதாம்மா போனேன். ஆனா அது வண்டி ஓடுற வேகத்துக்குக் காத்து தள்ளுற ஃபேன். ஆன் பண்ணதும் சக்கரத்துல பின்பக்கமா ஓட ஆரம்பிச்சுடுச்சு. மீட்டிங் முடியிறவரைக்கும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதாப் போச்சு. முதல் வீச்சுல நீங்க அதுவரைக்கும் எடுத்து அனுப்பியிருந்த ஜெராக்ஸ் அத்தனையும் கூரையில. ரெண்டாவது வீச்சுல தலைவர் ஐயாவோட முடி.

— முடியா?

— மொத்தமா. நேராப் போய் புரொஜெக்டர் மேல உக்காந்துச்சு. திரையில "எதிர்காலம்"னு கொட்டை எழுத்துல ஒரு சொல்லு. அதுக்கு மேல கரடி மாதிரி ஒரு நிழல் ஆடுது. யாரும் சிரிக்கலைம்மா. எல்லாரும் குறிப்பு எழுதுற மாதிரி குனிஞ்சுக்கிட்டாங்க. எழுதத்தான் தாள் இல்லை.

— அப்புறம் தலைவர் என்ன சொன்னாரு சார்?

— நல்ல காத்துன்னு சொன்னாரு.

— நாப்பது நிமிஷம் அந்தக் காத்தை வாங்கிக்கிட்டே, காத்துக்கு இனி வேலை இல்லைன்னு தலையாட்டியிருக்காங்க. இன்ஜினுக்கு வீச வேண்டியதை மனுஷங்களுக்கு வீசிட்டு, இன்ஜின் சூடு தாங்கலைன்னு இங்க சாவோலை எழுதி வச்சிருக்கீங்க.

— மெதுவாப் பேசும்மா. ஒரு சமாதானத்துக்கு வருவோம். ஃபேனுக்குள்ள பல்லி விழுந்துடுச்சுன்னு எழுதினா என்ன?

— பல்லிக்கும் குடும்பம் இருக்கு சார். பேனாவைக் கொடுங்க, நானே எழுதுறேன். "பதினொன்று பத்துக்கு மேனேஜர் சொல்லி ஃபேன் எடுக்கப்பட்டது. காற்றே இல்லாமல் நாற்பது நிமிடம் ஓடிய இன்ஜின், அதன் பிறகே இறுகி நின்றது." இதுக்குக் கீழ போடுறேன் கையெழுத்து.

— எழுதிக்கோ, தாராளமா எழுதிக்கோ. எனக்கு ஒரு திட்டு விழும், வாங்கிக்கிறேன். மேல இருக்கிறவங்க காரணத்தைப் படிக்க மாட்டாங்கம்மா. ஒரே ஒரு சொல்லை மட்டும்தான் பாப்பாங்க. "நின்றது." நான் எழுதினாலும் அதான், நீ எழுதினாலும் அதான்.

— தெரியும் சார். இன்னொரு இன்ஜின் பூட்டி முதல்லேருந்து ஓட்டுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். அது போனது போனதுதான். யாரு கொன்னாங்கன்னாவது ஒரு தாள்ல உண்மையா இருக்கட்டும்.

— இன்ஜினியரம்மா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு. அதுல ஒரு சொல்லு தப்பு.

— எதுண்ணே?

— "இறுகி". கீழ வந்ததும் கையில துணியைச் சுத்திக்கிட்டுக் கிக்கரை அமுக்கிப் பாத்தேன். வெண்ணெய்ல விரல் விட்ட மாதிரி இறங்குது.

— என்னய்யா உளர்றே? இறுகலைன்னா அது ஏன் நின்னுச்சு?

— இப்பத்தானே சார் கேக்குறீங்க. பதினொன்னரைக்கு அதுக்கு ஊத்த வேண்டிய பெட்ரோல் டின்னைத்தான், காலையில உங்க வண்டிக்கு ஊத்திட்டேன்.