படகின் முன் இருக்கை

இரவு பன்னிரண்டே முக்கால். ஜூலை மாதம், நிலா இல்லாத இரவு. பழைய ஆலைச் சாலையில் ஒரே ஒரு பிக்கப் வண்டி... பின்னால் டிரெய்லரில் ஒரு படகு. இருபுறமும் பைன் மரங்கள். நாலு மைலுக்கு ஒரு வீடு கிடையாது. கடைசியில் அந்தச் சாலை திரும்பாது, எங்கேயும் போய் முட்டாது. அப்படியே தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

இதோ, நம் கூடாரத்துக்குப் பின்னால் இருக்கிறதே, அதே சாலைதான். அணை கட்டியபோது ஏரி வந்து அதைப் பாதியில் விழுங்கியது. மேலே மிஞ்சிய பாதியில்தான் எல்லோரும் படகு இறக்குகிறோம். கீழே போன பாதி கீழேயே கிடக்கிறது. தாரோடு, ஓரக் கம்பியோடு...

வண்டியை ஓட்டியவள் ஓலீட்டா. நம் ரூத்தனுடைய பெரியம்மா.

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா," என்றாள் ரூத்தன், தீக்கு அந்தப் பக்கமிருந்து.

"தப்பாச் சொன்னா நிறுத்து," என்றேன்.

"நான் எதுக்கு நிறுத்தணும்? பெரியம்மாவே வந்து நிறுத்துவாங்க."

வேகவைத்த நிலக்கடலைச் சட்டியை மடியில் வைத்திருந்த பெர்னிஸ் கடலை உரிப்பதை விட்டாள். "அவங்க உயிரோடதானே இருக்காங்க?"

"அவங்க இருக்காங்க," என்றாள் ரூத்தன்.

பெர்னிஸ் இந்த வருஷம்தான் தூண்டில் பிடித்தவள். அவளுக்காக இதைச் சொல்ல வேண்டும். பெருவாய் பாஸ் மீன், அதுவும் பத்துப் பவுண்டைத் தாண்டிய கிழவி, எதையும் துரத்திக்கொண்டு ஓடாது. வசதியாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துவிடும். இரைதான் வாசலுக்கு வரவேண்டும். அந்த வாசலில் முதலில் விழுகிற புழுவுக்கே மதிப்பு. அதைத் தொடவில்லையென்றால், அப்புறம் நூறு போட்டாலும் வாயைத் திறக்காது. முதல் வீச்சு, படகின் முன் இருக்கையில் இருப்பவருக்கு. பின் இருக்கைக்கு மிச்சம்.

ஓலீட்டா முப்பத்தோரு வருஷம் மிச்சத்தில் மீன் பிடித்தாள். முன் இருக்கையில் அவள் புருஷன் வெர்னன்.

பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு முன்னால் இருப்பவனின் முதுகு நன்றாகத் தெரியும். முதுகைப் பார்த்தே அவள் கற்றுக்கொண்டாள். அவன் பெட்டி மூடியை டப்பென்று போடுவான்... பெரிய மீன் அப்போதே வாயை மூடிக்கொள்ளும். முடிச்சுப் போட விளக்கை ஏற்றுவான், வெளிச்சம் தண்ணீரில் விழும். புழுவை வீசிவிட்டு, நீர்வளையம் அடங்குமுன்னே அசைப்பான். அவன் பொறுமை பதினொன்று எண்ணும் வரை. அவள் எண்ணியிருக்கிறாள். ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அன்றைய நாள் போய்விடும். சொல்லாததெல்லாம் எங்கே போகிறது என்று அந்த வயதில் அவள் யோசித்ததும் இல்லை.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஏப்ரலில், அதே முங்கிய சாலையின் மேல், வெர்னன் எட்டு முறை வீசிச் சலித்து விட்ட இடத்தில் அவள் பின்னாலிருந்து வீசினாள். அங்கே சாலைக்கு அடியில் ஓடை போன ஒரு சிறுபாலம் உண்டு. புழுவை அதன் வாயில் படுக்க விட்டாள். அறுபது எண்ணினாள். சுண்டி இழுக்கவெல்லாம் இல்லை... தூண்டில் நரம்பு கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். நனைந்த துணி சுற்றிக்கொண்ட மாதிரி. அவள் கம்பை ஓங்கி, முள்ளை அதன் வாயில் குத்தினாள். கம்பு வளைந்தது.

"கம்பைக் குடு, பொண்ணே. விட்டுடப் போற."

குடு என்று சொன்னபோதே அவன் கை வந்து வாங்கிவிட்டது. பதினோரு பவுண்டு ஆறு அவுன்சு. டூயியின் தூண்டில் இரைக்கடைச் சுவரில் பாடம் செய்து மாட்டினார்கள். அடியில் பித்தளைத் தகடு. தகட்டில் வெர்னன் பெயர்.

வெர்னன் இந்தக் கதை நடந்த வருஷம் பிப்ரவரியில் இறந்தான். ஏரியில் இல்லை. ஊர் ஆஸ்பத்திரியில், சுத்தமான கட்டிலில், மூக்கில் குழாயோடு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

மே மாதம் ஓலீட்டா இரைக்கடைக்குப் போனாள்.

"டூயி, அந்தத் தகட்டுல என் பேரைப் போடு."

"எதுக்கு?"

"தூண்டில் என்னோடது. குத்தினது நான்."

"கரையேத்துனது?"

அவள் சுவரில் இருந்த மீனைப் பார்த்தாள்.

"செத்த மனுஷன்கிட்ட இருந்து மீனைப் பிடுங்காத, ஓலீட்டா. பார்க்க நல்லா இல்ல."

காப்பி இயந்திரத்துப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவன், "முதல்ல படகை இறக்க, டிரெய்லரைப் பின்னால எடுக்கத் தெரியுமான்னு கேளு," என்றான். சிரித்தார்கள். நல்ல மனசோடு சிரிக்கிற சிரிப்புதான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அந்த ஆணியைக் காலி பண்ணி வை," என்றாள். "இதைவிடப் பெருசா ஒண்ணு கொண்டாரேன். என் கையால, என் பேருல."

ஆறு வாரம் சர்ச்சின் காலி மைதானத்தில் டிரெய்லரைப் பின்னால் எடுத்துப் பழகினாள். பெட்டி மூடிகளின் விளிம்பில் கம்பளித் துணி ஒட்டினாள். பத்தங்குல ரப்பர் புழு, கறுப்பு மட்டும் வாங்கினாள். இருட்டில் கறுப்புதான் தெரியும், அடியிலிருந்து பார்க்கிற மீனுக்கு. பிறகு நிலா தேய்ந்து முடியக் காத்திருந்தாள்.

அந்த இரவு டிரெய்லர் ஒரே முயற்சியில் நேராகத் தண்ணீருக்குள் போனது. பார்க்க யாரும் இல்லை.

பெரிய மோட்டாரை அவள் கிளப்பவே இல்லை. முன்பக்கத்துச் சின்ன மின்மோட்டாரில், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு நின்றபடி போனாள். ஆழம் காட்டும் பெட்டிமேல் துண்டைப் போட்டு, ஓர் ஓரத்தில் மட்டும் எட்டிப் பார்த்தாள். பதினாலு அடி... பதினாலு... பதினாலு. அடியில் சாலை, தட்டையாக. அவள் அதன் நடுவிலேயே போனாள். தவளைகள். சேற்று வாசனை. கரையில் ஒரு பக்கிக் குருவி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

சிறுபாலத்துக்கு நாற்பதடி முன்னால் மின்மோட்டாரை நிறுத்தினாள். முன் இருக்கையில் உட்கார்ந்தாள். படகு எழுப்பிய அலை அடங்கட்டும் என்று இருந்தாள்.

பக்கிக் குருவி நின்றது.

அப்புறம்... படகின் மூக்கு உயர்ந்தது.

அதிகம் இல்லை. இரண்டு விரல். பின்னால் கனமான ஒருவர் மெதுவாக உட்கார்ந்தால் எப்படி உயருமோ, அப்படி. பின்பக்கத்துப் பலகையில் தண்ணீர் ஒருமுறை 'தளக்' என்றது. முப்பத்தோரு வருஷம் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அந்தக் கனம் எத்தனை பவுண்டு என்று தெரியும்.

வாசனை வந்தது. பச்சிலைத் தைலம் போட்ட மெல்லும் புகையிலை. தகரக் குவளையில் துப்புகிற சத்தம். சின்னதாக, மரியாதையாக.

ஓலீட்டா இதை மற்றவர்களிடம் சொல்லவில்லை, ரூத்தனிடம் மட்டும் சொன்னாள். முதலில் வந்தது பயம் இல்லை. ஒரு மூச்சு நேரம் நிம்மதி. ஐந்து மாதமாகக் கட்டிலில் அவன் பாதி அமுங்காமல் மேடாகவே கிடந்தது, அது இப்போது சரியான மாதிரி. அந்த நிம்மதிக்காக அவள் தன்னையே வெறுத்தாள். அடுத்த மூச்சில் கோபம் வந்தது. பழைய கோபம். ஒருநாளும் சொல்லாததெல்லாம் இங்கேதான், இந்தப் படகில்தான் சேர்ந்திருந்தது போல...

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த இருக்கை இப்ப என்னோடது, வெர்னன்," என்றாள். "எழுந்திருக்க மாட்டேன்."

வீசினாள். அதே கணத்தில் அவள் வலது காதோரம் 'விஸ்' என்று ஒன்று கடந்து போனது. சிறுபாலம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரில் இரண்டு சொட்டுச் சத்தம். ஒன்று அவளுடையது. மற்றது அதற்கு ஒரு சாண் தள்ளி.

பின்னாலிருந்து முன்னால் இருப்பவரைத் தாண்டி வீசுவது எவ்வளவு கேவலம் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உயிரோடு இருந்தபோது அவனே அதற்காக ஒருவனைப் படகிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறான்.

அவள் எண்ணத் தொடங்கினாள். பதினொன்று. பின்னால் அசைவு, நரம்பு சரசரத்தது. அவள் அசைக்கவில்லை. முப்பது. ஐம்பது. புகையிலை வாசனை தோள் வரை வந்துவிட்டது. அறுபத்தி நாலு...

நரம்பு கனத்தது.

அவள் முழங்காலை ஊன்றி இரண்டு கையாலும் குத்தினாள். கீழே ஏதோ ஒன்று கோபத்தோடு திரும்பியது. கம்பு தண்ணீர் வரை வளைந்தது. ரீல் அலறியது. அந்த மீன் சிறுபாலத்துக்குள் ஓடப் பார்த்தது. உள்ளே போனால் சிமெண்டு விளிம்பில் நரம்பு அறுந்துவிடும். அவள் விடவில்லை. கட்டை விரலை ரீல்மேல் அழுத்தினாள், தோல் எரிந்தது.

கழுத்துக்குப் பின்னால், மிக அருகில்:

"கம்பைக் குடு, பொண்ணே. விட்டுடப் போற."

அதே குரல். அதே அவசரம். அன்போடுதான் சொன்னது, அதுதான் மோசம். அவள் மணிக்கட்டின் மேல் குளிர்ச்சி ஒன்று வந்து சுற்றிக்கொண்டது. கிணற்றடிச் சங்கிலியைத் தொட்ட மாதிரி. அது இறுகியது. கம்பு அவள் கையிலிருந்து மேல்நோக்கி நகரத் தொடங்கியது...

"விட்டா நான் விட்டதா இருக்கட்டும்," என்றாள் ஓலீட்டா. "போனா என் மீன் போகட்டும். கையை எடு."

எடுக்கவில்லை. அவள் முழங்கையைப் பின்னால் ஓங்கி இடித்தாள். அது எதிலோ பட்டது. வெறும் காற்றில் இல்லை. நனைந்த தடிச் சட்டையில் இடித்தால் உள்ளே எப்படி அமுங்குமோ, அப்படி. குளிர்ச்சி மணிக்கட்டை விட்டது.

இங்கே ரூத்தன் ஒரு விறகை எடுத்துத் தீயில் போட்டாள். தீ சரியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் இழுத்தாள் என்று தெரியாது. கடைசியில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து மேலே வந்தது. கைவலை பின்பக்கம் கிடந்தது. அவள் அதை எடுக்கப் போகவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. குப்புறப் படுத்து, கட்டை விரலை மீனின் கீழுதட்டுக்குள் விட்டு, இரண்டு கையால் உள்ளே தூக்கினாள். மார்போடு அணைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தூண்டிலைக் கழற்றப் பார்த்தாள். மேல்தாடையில் அவளுடைய கறுப்புப் புழு. நன்றாகக் குத்தியிருந்தது.

வாயின் மறுமுனையில் இன்னொரு தூண்டில்.

துருப் பிடிக்காத, பளபளப்பான தூண்டில். அதிலிருந்து ஒரு நரம்பு புறப்பட்டு, அவள் இடுப்பை உரசிக்கொண்டு, படகின் பின்பக்கம் போனது. தொங்கவில்லை. விறைப்பாக இருந்தது. வெளிச்சம் அதன் மேலேயே ஊர்ந்து போய்... பாதிப் படகில் அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்தாள். கம்பளி ஒட்டிய மூடி சத்தம் போடவில்லை. வெட்டுக்குறடை எடுத்து அந்த நரம்பை மீன் வாயருகே நறுக்கினாள். மீனைத் தராசில் தொங்கவிட்டாள். எண்ணைச் சத்தமாக வாசித்தாள், பின்னால் கேட்கும்படி.

"பதிமூணு பவுண்டு ரெண்டு அவுன்சு. என் கை. என் பேரு."

மீனைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டாள். தொட்டிக்குள் அது ஒருமுறை புரண்டது. டார்ச்சை அணைத்தாள்.

நறுக்கிய நரம்பின் நுனி அவள் காலுறைமேல் கிடந்தது. அது நகரத் தொடங்கியது. மெதுவாக. பாதத்தைத் தாண்டி, படகு விரிப்பின் மேல் உரசியபடி பின்னால் போனது. ரீல் சுற்றுகிற சத்தம்... கோபமில்லாத கை சுற்றுகிற மாதிரி. நின்றது.

பெரிய மோட்டாரின் சாவி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. வேண்டியது கிடைத்தாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் திருகியிருப்பார்கள்.

ஓலீட்டாவுக்குப் போகத் தோன்றவில்லை. போனால் அந்த இருக்கை காலியாகும். புழுவைத் தடவி நேராக்கினாள், கம்பை எடுத்தாள், முன்னே பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள், வீசினாள். வளையம் விரிந்து, விரிந்து, அடங்கியது.

பின்னால், பின் இருக்கையில், ஒரு சின்னச் சத்தம். புது முடிச்சை இறுக்குவதற்கு முன்னால் நரம்பை நாக்கில் நனைப்போமே... அந்தச் சத்தம்.

கொஞ்ச நேரம் கழித்து, அதற்கும் பின்னாலிருந்து, படகு முடிந்து வெறும் தண்ணீர் மட்டும் இருக்கிற இடத்திலிருந்து, நரம்பை நனைக்கிற இன்னொரு நாக்கு.