ஈஸ்வரி கட்டிய முடிச்சு

எங்கள் பண்ணைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, கடைமடையில் இவ்வளவு தண்ணீர் எப்படி என்றுதான். கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்கால் எங்கள் ஊர் எல்லையோடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே அதிராம்பட்டினம் வரை தென்னையும் உப்புக் காற்றும்தான். வாய்க்கால் முடிகிற இடத்திலிருந்து என் வயல் வரை நூற்றுப்பத்து அடிக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். அந்த நூற்றுப்பத்து அடியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன், சார்.

நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. மருதையன் இறந்தபோது இருந்த சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். கோப்பை எடுத்துப் பார்த்தால், இரண்டு வருடத்துக்கு முன் வைகாசியில், முள் அகற்றும் வேலையின்போது பாழுங்கிணற்றில் தவறி விழுந்து இறந்ததாக இருக்கும். சாட்சி சொன்னவர்களில் என் பெயர் முதலில் இருக்கும். ரெங்கசாமி, வயது ஐம்பத்துநான்கு. இப்போது ஐம்பத்தாறு.

பத்தொன்பது வருடம் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தேன். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் பாதுகாப்பு மேற்பார்வையாளர். குழி தோண்டினால் சுற்றிலும் சிவப்பு வெள்ளை நாடா கட்டுவது, பலகை வைப்பது, தலைக்கவசம் போடாதவனை வெளியே அனுப்புவது. என் பொறுப்பில் இருந்த இடங்களில் ஒருவர்கூடக் குழியில் விழுந்ததில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஏழு ஏக்கர் வாங்கினேன். விற்றவர் அதிராம்பட்டினத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஜெக்கரியா. அவருடைய வாப்பா காலத்தில் அது தோட்டமாக இருந்ததாம். முப்பது வருடம் யாரும் கால் வைக்காமல் சீமைக்கருவேலம் ஏறி, பத்தடி உள்ளே போனால் வானம் தெரியாத காடாக இருந்தது. ஜெக்கரியா நேர்மையான மனிதர். பத்திரம் முடிந்த அன்றே சொன்னார்.

"காட்டை அழிக்கிறது பெரிசில்ல தம்பி. தண்ணி வேணும்னா மருதையனைப் பாருங்க. வாய்க்காலுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு மா அவனோடது."

ஒரு மா என்றால் மூன்றில் ஒரு பங்கு ஏக்கர். அதில் அவன் கொஞ்சம் உளுந்து போடுவான், சில வருடம் அதுவும் போடமாட்டான். அது இல்லாமல் என் ஏழு ஏக்கருக்கு ஒரு சொட்டு காவிரித் தண்ணீர் வராது. போர் போட்டால் உப்பு.

முள் வெட்டுகிற ஆட்களுக்கும் அவன்தான் தலைவன். எட்டுப் பேர், அவனையும் அவன் மனைவி ஈஸ்வரியையும் சேர்த்து. அவனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முதுகு முழுக்க முள் கீறிய கோடு. நான் எட்டுப் பேருக்கும் மஞ்சள் தலைக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் மத்தியானமே அவன் அதைக் கவிழ்த்து மோர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"தலையில போட்டா வேர்க்குது சிங்கப்பூராரே. இதுல மோர் குடிச்சா உள்ளயும் குளுகுளுன்னு இருக்கு."

"விழுந்தா மண்டை போயிடும்யா."

"இருந்தாத்தானே போறதுக்கு," என்றாள் ஈஸ்வரி. எல்லோரும் சிரித்தார்கள். அவன்தான் அதிகம் சிரித்தான்.

அவர்கள் வேலை செய்கிற முறையைச் சொல்ல வேண்டும். ஜேசிபி கொண்டு வந்து ஒரேயடியாகப் பிடுங்கிவிடலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். ஓட்டுநர் ஒப்புக்கொள்ளவில்லை. தோட்டமாக இருந்த காட்டில் பழைய கிணறுகள் இருக்கும், கைப்பிடிச் சுவர் இடிந்து தரைமட்டமாக, மேலே கொடி படர்ந்து மூடிக் கிடக்கும், வண்டி உள்ளே போய்விடும் என்றார். ஆகவே முதலில் பெண்கள் அரிவாளோடு நுழைந்து தாழ்ந்த கிளைகளைக் கழிப்பார்கள். கிணறு தட்டுப்பட்டால், சேலையில் ஒரு துண்டு கிழித்து அதை ஒட்டிய மரத்தில் தலை உயரத்தில் கட்டிவிடுவார்கள். பிறகு ஆண்கள் மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். கடைசியில் ஒருவன் நீண்ட கொக்கிக் கம்பால் முள் குவியலை மாட்டி இழுத்து வெளியே கொண்டுவருவான். முள் முகத்தில் அடிக்கும் என்பதால் குவியலைப் பார்த்தபடி பின்னால் நடந்துதான் இழுக்க வேண்டும். அப்படி நடக்கிறவனுக்குத் தரை தெரியாது. அவ்வப்போது தோளுக்கு மேலே திரும்பி, மரத்தில் துணி தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வான். அந்த வேலையை மருதையன் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

நல்ல முறைதான். சிங்கப்பூரில் நாங்கள் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

நிலத்தை விற்கச் சொல்லி அவனிடம் மூன்று முறை கேட்டேன்.

"வித்துட்டு?"

"பேங்குல போடு."

"பேங்குல நாத்து நட முடியுமா சிங்கப்பூராரே?"

மூன்றாவது முறை கேட்டபோது சிரிக்கவில்லை. "எங்கப்பன் அறுவது வருசம் அடுத்தவன் வயல்ல நின்னான். அவன் பேருக்குப் பட்டா வந்தது இந்த ஒரு மாதான். இனிமே கேக்காதீங்க," என்றான். குரலை உயர்த்தவில்லை. நானும் உயர்த்தவில்லை.

அந்த வாரம் ஒரு நாள், அவன் தன் மகள் பரிதியை நர்சிங் படிப்பில் சேர்க்க மயிலாடுதுறைக்குப் போயிருந்தான். அன்று மாலை ஈஸ்வரி கை கழுவிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நான் தனியாக் கழிச்ச கிழக்கு மூலையில ஒரு கெணறு கெடக்கு. வாயே தெரியல, என் காலே போகப் பாத்துச்சு. மஞ்சத் துணி கட்டியிருக்கேன். நான் இப்படியே எங்க அக்கா வீட்டுக்குக் காதுகுத்துக்குப் போறேன். அவரு காலையில நேரா இங்கதான் வருவாரு. போனு ரிப்பேருக்குக் கொடுத்திருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிழக்கு மூலைக்குப் போனேன். கிணற்றைப் பார்க்கத்தான் போனேன். துணியை இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள். நான் எத்தனையோ பேர் கட்டிய நாடாக்களைச் சோதித்தவன். அதைவிட நல்ல முடிச்சு பார்த்ததில்லை. அவிழ்க்க நகம் தேவைப்பட்டது. அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். ஒரு துணியை அவிழ்ப்பதற்குச் சட்டத்தில் என்ன பிரிவு என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்.

ஏழரைக்கு மருதையன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். மற்றவர்களை மேற்கு ஓரத்தில் வெட்டச் சொல்லி அனுப்பியிருந்தேன். கிழக்கு மூலையில் ஈஸ்வரி கழித்துப் போட்ட முள்ளை இழுத்துவிட்டால் நாளைக்கே ஜேசிபியைக் கூப்பிடலாம் என்று அவனிடம் சொன்னேன். அவன் வழக்கம்போலக் கேட்டான்.

"அந்தப் பக்கம் கெணறு ஏதும் இருக்காமா? ஈஸ்வரி சொன்னாளா?"

நான் மரங்களைப் பார்த்தேன். "துணி ஏதும் இல்லையே," என்றேன். அது பொய் இல்லை. அப்போது மரத்தில் துணி இல்லை.

பதினொன்றே காலுக்கு விழுந்தான். கிணறு இருபத்தைந்து அடி. உள்ளே தண்ணீர் இல்லை, இடிந்து விழுந்த செங்கல்தான். நான் அருகில்தான் நின்றேன். இப்படிப்பட்ட நேரத்தில் காப்பாற்றப் போகிறவன் பதறி ஓடக்கூடாது, முதலில் இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. நானே நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. பார்த்தேன். பிறகு பையிலிருந்த துணியை எடுத்து மரத்தடியில், காற்றில் அவிழ்ந்து விழுந்தது போலப் போட்டேன். விபத்து விசாரணையில் முதல் கேள்வி எச்சரிக்கை வைத்திருந்தார்களா என்பதாகத்தான் இருக்கும். வைத்திருந்தார்கள், ஆனால் விழுந்துவிட்டது என்றால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

உள்ளேயிருந்து இரண்டு முறை, "சிங்கப்பூராரே," என்று கூப்பிட்டான். இரண்டாவது முறை மெதுவாக. மேற்கு ஓரத்தில் ஆறு பேர் இருந்தார்கள். கைதட்டினால் கேட்கிற தூரம். நான் கைதட்டவில்லை. கொட்டகையில் கயிறு இருந்தது. அது பழைய கயிறு, பாரம் தாங்காது என்று தோன்றியது. பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்ப் புதுக்கயிறு கொண்டுவந்தேன். நாற்பது நிமிடம் ஆனது. திரும்பி வந்துதான் மற்றவர்களைக் கூப்பிட்டேன். அப்போது உள்ளே சத்தம் இல்லை.

உங்களுக்கு முன்னால் இருந்தவர் மரியாதையானவர். தலைக்கவசங்களைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்தில் கூலியாட்களுக்கு இவ்வளவு செய்கிறவரை நான் பார்த்ததில்லை என்றார். கிணற்றைப் பற்றி மருதையனிடம் சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னேன், மஞ்சள் துணியைப் பார்த்து இழு என்றும் சொன்னேன் என்றேன். இது பொய். இந்தக் காகிதத்தில் நான் பொய் என்று ஒப்புக்கொள்வது இது ஒன்றைத்தான். மரத்தடியில் கிடந்த துணியை எடுத்து அவர் ஈஸ்வரியிடம் காட்டினார்.

"நீ கட்டினதா?"

"ஆமாங்க."

"சரியாக் கட்டலையா?"

அவள் கசங்கிய முனையை விரலால் தடவினாள். துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவளாகவே வந்தாள். "அந்த ஒரு மாவையும் நீங்களே எடுத்துக்கங்கண்ணே. அந்தப் பக்கம் இனிமே என்னால கால் வைக்க முடியாது," என்றாள். முறைப்படி பத்திரம் பதிந்தோம். வாய்க்கால் வெட்டினேன். அந்தக் கிணற்றைச் சுற்றி நாலடிச் சுவர் எழுப்பி, மேலே கம்பிவலை போட்டேன். முதல் போகத்தில் ஏக்கருக்கு இருபத்தெட்டு மூட்டை கண்டது. காடு கிடந்த மண்ணில் அது பெரிய விளைச்சல்.

ஈஸ்வரிக்கு என் பண்ணையில் நிரந்தர வேலை. களை எடுப்பாள், நடுவாள், அறுப்பாள். ஆனால் கதிரைக் கட்டாகக் கட்டமாட்டாள். எங்கள் பகுதியிலேயே வேகமாகக் கட்டுக் கட்டுகிறவள் என்று பெயர் வாங்கியவள், இப்போது அறுத்ததை அரியரியாகப் போட்டுவிட்டு யாராவது வந்து கட்டட்டும் என்று ஒதுங்கி நிற்கிறாள். ஆட்டைக்கூட முளையில் கட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறாள். தலையை வெறுமனே சுருட்டிச் செருகிக்கொள்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கேட்பாள்.

"ரெட்டை முடிச்சுத்தாண்ணே போட்டேன். போட்டேனா இல்லையான்னே இப்பத் தெரியல."

"காத்து அடிச்சிருக்கும் ஈஸ்வரி. மனசைப் போட்டு உழப்பிக்காதே."

"அவருகிட்ட நீங்க சொன்னப்ப என்ன சொன்னாரு?"

"ஈஸ்வரி கட்டியிருந்தா சரியாத்தான் இருக்கும்னு சொன்னான்."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் பரிதி. போன மாதம் படிப்பு விடுமுறையில் வந்திருந்தாள். ஒங்கப்பனைக் கொன்னது நான்தான், என் முடிச்சுதான் என்று ஈஸ்வரி அவளிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் விடுமுறை முடியும் முன்பே பெட்டியை எடுத்துக்கொண்டு மயிலாடுதுறைக்குப் போய்விட்டது. போன் செய்தால் எடுப்பதில்லை. நேற்று நடவு வயலில் ஈஸ்வரி நாற்று முடியை, கட்டைப் பிரிக்காமலே, கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். ஆட்கள் எல்லாம் கரையேறியும் அவள் ஏறவில்லை. நான் போய்த்தான் கூட்டி வந்தேன்.

"நான் எதுக்குண்ணே இருக்கணும்?" என்றாள். அழவில்லை. நேரம் என்ன என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

ஆகவே முழுவதையும் எழுதிவிட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டேன். அன்று காலை, முள் இழுக்கப் போகும் முன், மருதையன் கொக்கிக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நின்று பேசினான்.

"பஸ்ஸுல யோசிச்சுக்கிட்டே வந்தேன். நீங்களும் வெளிநாட்டுல கெடந்து ஒழைச்சு வந்தவரு. நம்ம நெலத்துல ஒரு ஓரமா வாய்க்கால் வெட்டிக்கங்க. எழுதிக் கொடுக்கணும்னாலும் கொடுக்கிறேன், எம் மவ படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடச் சொல்லுவா. தண்ணி பாயட்டுமே, நான் என்ன குறுக்கயா படுக்கப் போறேன்?"

துணி அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நொடி போதும். ரொம்ப நல்லது மருதையா என்றேன். அவன் கிழக்குப் பக்கம் நடந்தான். அதைப் பற்றிப் பலமுறை யோசித்திருக்கிறேன். அனுமதி என்பது இன்னொருவன் கொடுப்பது, கொடுத்தவன் நாளைக்குத் திருப்பிக் கேட்கலாம். பண்ணையை ஒருவன் அனுமதியின் மேல் கட்ட முடியாது. இதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

மருதையனை நான்தான் கொன்றேன். ஈஸ்வரியின் முடிச்சு சரியாகத்தான் இருந்தது. இதை உங்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இது ஈஸ்வரியின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சார். அவள் இருக்கிற நிலையில் இதைத் தாங்கமாட்டாள். மகளும் போய்விட்ட பிறகு, அவளுக்கு ஆறுதல் சொல்ல என்னை விட்டால் யாருமில்லை.